உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை

வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்து ஆடிய நாடகம் என்கிறார்களே, அவர்களை ஒன்று கேட்க வேண்டும். ஒத்திகை பார்ப்பதானால் புருஷனும் பெண்டாட்டியும் வாய் திறந்து பேசிக்கொள்ள வேண்டாமா? அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் தட்டு பேசியது, கதவு பேசியது, பாத்திரம் பேசியது. மனுஷர்கள் பேசவில்லை. "சாப்பாடு வெச்சிருக்கு" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "தெரியுது" என்று அவர் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். இந்த லட்சணத்தில் எங்கே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்களாம்?

வெளியாட்கள் பேசினால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அன்றைக்குக் கட்சிக் கூட்டத்துக்குள் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர்களே அப்படிச் சொல்கிறார்கள். நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்கிறார்கள். அதைத்தான் சகிக்க முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டியதுதான். கேட்டுவிட்டு அப்புறமும் அவள் மேல் சந்தேகப்படுகிறவர்கள் படட்டும்.

அவளுக்கு சைரன் என்று பேர் வைத்தது கட்சிதான். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அதோடு சரி. மாவு மில்லில் வேலை. மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டுமானாலும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திக் கத்தி, மில் நின்ற பிறகும் அந்தக் குரல் இறங்க மறந்துவிட்டது. புருவத்தில், காதுமடலில், கழுத்து மடிப்பில் எல்லாம் மாவு ஒட்டியிருக்கும். அப்படியே கொடியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்துக்கு வந்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் பாதிப் பேச்சில் மைக் செத்துப்போனது. பேச்சாளர் வாயை வாயை அசைக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கலைய ஆரம்பித்தது. இவள் எழுந்து நின்று ஒரு கோஷம் போட்டாள். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். மைக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "சரி பண்ணிட்டேன். ஆனா இனிமே தேவைப்படாது போல இருக்கே" என்றார். அவர்தான் பின்னால் அவள் புருஷன்.

அவர் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் சுற்றுகிறவர். காயில்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். வீட்டின் முன்அறைதான் பட்டறை. செம்புக் கம்பியும் வார்னிஷ் வாடையுமாக இருக்கும். கருகிய மோட்டார்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாகக் கிடக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். மழை வருமா என்றாலும் பார்க்கலாம், போராட்டம் ஜெயிக்குமா என்றாலும் பார்க்கலாம். அவரைப் போய்க் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள். அடித்துப் பேசுகிற இரண்டு பேர் அந்தப் பதவிக்காக ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டதால், அடிக்காதவர் ஒருவர் தேவைப்பட்டார். அவ்வளவுதான். ஆசையோடு செய்ததில்லை.

அந்தக் கிளையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெந்தக் கிளையிலும் இல்லாதது. அலுவலகம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடி அறை. அந்த அறையில் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு தரம் கேள்விக் கூட்டம் நடக்கும். எல்லோரும் தரையில் உட்காருவார்கள். செயலாளர் மட்டும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்டு முடித்த பிறகு தரையிலிருந்து யாராவது ஒருவர் "உட்காருங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதை யாரும் மறுக்கவில்லையென்றால் அவர் உட்காரலாம், இன்னொரு வருஷம் அவர்தான். ஓட்டும் கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அது தன் அப்பன் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு வந்துவிடக் கூடாது என்று ஆரம்பித்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடு.

காயில்காரர் செயலாளரான நாளிலிருந்து அந்த வார்த்தையை முதலில் சொல்வது சைரன்தான். கேள்வி முடிந்த கையோடு "உட்காருங்க" என்பாள், கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் கூட அதைக் கேட்டு உட்கார்ந்துவிடுவார் என்று கேலி செய்வார்கள். பெண்டாட்டி சொல்கிறாள் என்று யாரும் அப்போது தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கிளைக்கு அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடைவரிசையில் ஆரம்பித்தது. பூட்டு ரிப்பேர், செருப்புக் கடை, தையல் கடை என்று சின்னச் சின்னக் கடைகள். வைத்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தக் கட்சிக்காரர்கள். கடைசியில் இருக்கும் தையல் கடை சைரனுடைய கூடப் பிறந்த தம்பியுடையது. துணியை வெட்டுகிறானோ இல்லையோ, எதிரில் நிற்பவர் பேச்சை வெட்டுவான். அதனால் கத்திரி என்று பேர். நகராட்சி எதிராளிக் கட்சியின் கையில் இருந்தது. பஸ் திரும்ப இடம் போதவில்லை, வரிசை முழுவதையும் இடிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்சி கொதித்தது. "ஒரு செங்கல்லும் அசையாது, ஒரு கடையும் நகராது" என்று சைரன் கட்டிய கோஷம் சுவரெல்லாம் ஏறியது. நகராட்சி வாசலில் பகல் முழுக்க நின்றார்கள். அவள் முன்வரிசையில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் புருஷனைக் காணவில்லை. தண்ணீர் குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தாள்.

மறுநாள் டீக்கடையில்தான் வினை வந்தது. போராட்டம் முடிந்த மறுநாள் அந்தக் கட்சிக்காரர்கள் யாருக்கும் குரல் இருக்காது. டீ என்று கேட்டாலே கதவு கிறீச்சிடுவது போலத்தான் வரும். அதில் ஒரு பெருமை. யாருக்கு அதிகமாகக் கட்டியிருக்கிறதோ அவனுக்கு முதல் டீ. அந்தக் கூட்டத்துக்குள் காயில்காரர் வந்து, "மாஸ்டர், சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்றார். மணி அடித்த மாதிரி இருந்தது.

டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கத்திரிக்குத்தான் முதலில் மூக்கு வியர்த்தது. "என்ன மாமா, தொண்டை ஜம்முன்னு இருக்கு?" என்றான், காற்றும் குரலுமாக.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"அதான் கேக்கறேன். எங்க யாருக்கும் நல்லா இல்லையே."

பக்கத்தில் இருந்த செருப்புக் கடைக்காரர் சிரித்தார். "அண்ணன் மனசுக்குள்ளயே கோஷம் போட்டிருப்பாரு. சத்தம் வெளிய வராத கோஷம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் பேசினார்கள். சாயங்காலத்துக்குள் ஆள் விலை போய்விட்டார் என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்துவிட்டது. தொண்டை கட்டாததற்கு உலகத்தில் வேறு எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனால் தொண்டையை வைத்து ஆளை எடைபோடுகிறவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது?

சைரன் வீட்டில் கேட்டாள். அவளுக்கும் குரல் கட்டித்தான் இருந்தது. அந்த வீட்டில் அவள் மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான் என்று வையுங்கள்.

"எங்க போனீங்க?"

"உள்ள போனேன்."

"எதுக்கு?"

"பேசறதுக்கு."

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

அவர் கையிலிருந்த கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டே, "நாம வெளிய கத்தினாதானே உள்ள கூப்பிடறாங்க. கூப்பிட்டா ஒருத்தர் போகணும் இல்ல?" என்றார்.

"என்ன பேசினீங்க?"

"இன்னும் முடியலை. பார்க்கலாம்."

அந்தப் பார்க்கலாம் அவளுக்குப் புதிதல்ல. அத்தனை வருஷமாகக் காதில் விழுந்த வார்த்தைதான். அன்றைக்கு மட்டும் அதற்குள் ஏதோ ஒளிந்திருக்கிற மாதிரி இருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் அப்படித்தானே, மனுஷன் தும்மினாலும் யாருக்கோ சைகை காட்டுவது போல இருக்கும். அவர் புதுச் சட்டை போட்டால் ஏன் என்று பார்த்தாள். பழைய சட்டை போட்டால் யாரை ஏமாற்ற என்று பார்த்தாள்.

ரெண்டு நாள் கழித்து மில்லிலிருந்து வரும் வழியில் நகராட்சித் தலைவர் வீட்டைத் தாண்டினாள். எதிராளிக் கட்சித் தலைவர், இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர். முன்கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவில் ஏணி. ஏணி மேல் அவள் புருஷன், சீலிங் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது கூடப் பரவாயில்லை, அது அவர் தொழில். ஏணியைக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? அந்தத் தலைவரே. ரெண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏணியை அவன் பிடிக்கிறான், நீங்க மேல நிக்கிறீங்க" என்றாள்.

"ஏணி ஆடுச்சு. பிடிச்சாரு. வேணாம் விடுங்க, நான் விழுந்துக்கறேன்னு சொல்லணுமா?"

"சிரிச்சீங்களே, அது எதுக்கு?"

"அவரு பேத்தி ஃபேன் மேல பொம்மையை எறிஞ்சுட்டாளாம். அதான் ரெக்கை வளைஞ்சிருக்கு. சிரிக்காம என்ன செய்யச் சொல்ற?"

அவள் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் தட்டும் கதவும் பேச ஆரம்பித்தன. தாங்க முடியாமல் தம்பியிடம் போய் ஏணி விஷயத்தைக் கொட்டிவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றும் சொன்னாள். கத்திரியிடம் போய் அப்படிச் சொல்லலாமா? வாய் என்று ஒன்று இருந்தால் அதைத் திறப்பதற்குத்தான் என்று இருப்பவன் அவன்.

கேள்விக் கூட்டம் வந்தது. அந்த மாடி அறையில் கால் வைக்க இடமில்லை. படியில் கூட உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் நாற்காலி, அதற்குப் பக்கத்தில் காயில்காரர் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சைரன் நடுவில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

கத்திரி எழுந்தான். "போராட்டத்தன்னிக்கு மாமா எங்க இருந்தார்னு சொல்லணும்."

"உள்ள இருந்தேன். அவங்களோட பேசினேன்."

"தலைவர் வீட்டுல அவரே ஏணி பிடிக்க, மேல ஏறி நின்னது?"

அறையில் ஒரு முனகல் ஓடியது. சைரன் தலையைக் குனிந்துகொண்டாள். காயில்காரர் கத்திரியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. பார்வையை அவளிடமிருந்து திருப்பிக்கொண்டு பதில் சொன்னார்.

"நின்னேன். ஃபேன் ரிப்பேர். நம்ம கட்சிக்காரங்க வீட்டு ஃபேன் மட்டும்தான் எரியுமா?"

ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சரி, என்னதான் பேசி முடிச்சீங்க? இன்னிக்கும் பார்க்கலாம்னு பூசி மெழுகாம சொல்லுங்க."

அவர் சொன்னார். வரிசை முழுவதும் இடிப்பதை நகராட்சி கைவிட்டுவிட்டதாம். பாதிக் கடைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கும். பஸ் திரும்புவதற்கு மறு பாதி மட்டும் போகும். அப்படிப் போகிறவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் தருவதாகத் தலைவர் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை உறுதியாக வாங்குவதற்குத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"ஒரு கடையும் நகராதுன்னு சொல்லிட்டுப் பாதியைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க!" என்று படியிலிருந்து ஒரு குரல்.

"குடுக்கலை. முழுசும் போக இருந்துச்சு. பாதியை வாங்கிட்டு வந்திருக்கேன்."

"எந்தப் பாதி?" என்றான் கத்திரி. அவன் குரல் மாறியிருந்தது.

காயில்காரர் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "எந்தப் பக்கம் வேணும்னு என்னையே கேட்டாங்க. முன்பக்கம்னு சொன்னேன்."

தையல் கடை பின்பக்கம், கடைசிக் கடை.

"என் கடையை நீங்களே கை காட்டி விட்டீங்களா மாமா?"

"பின்பக்கம் வேணும்னு சொல்லியிருந்தா, மச்சான் கடையைக் காப்பாத்தத்தான் உள்ள போனான்னு இதே ரூம்ல சொல்லியிருப்பீங்க. சொல்லியிருக்க மாட்டீங்களா? யாராவது ஒருத்தர் மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்றால் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற கூட்டமா அது? "சொந்த மச்சானையே விட்டவன், நம்மளை விடறதுக்கு எவ்வளவு நேரமாகும்" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். முன்பக்கத்தில் கடை பிழைத்துக்கொண்ட செருப்புக் கடைக்காரர் தரையில் இருந்த விரிசலை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

கேள்வி தீர்ந்துவிட்டது. இனி அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

அறையில் இருந்த அத்தனை கண்ணும் தூண் பக்கம் போயின. காயில்காரரும் அவளைத்தான் பார்த்தார். அவள் சொன்னால் அவர் உட்காருவார். அந்த நேரத்தில் அவளை மறுக்கிற தைரியம் கத்திரிக்குக் கூட வந்திருக்காது. அவள் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. அவரும் அதைத் தெரிந்துதான் நின்றார்.

சைரன் எழுந்தாள். "நானும் ஒண்ணு கேக்கணும்" என்றாள். அந்தக் குரலா இது என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்ன எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டோம்."

"அதான்."

"அதான்னா? விட மாட்டோம்னா போகக் கூடாது. இல்ல, எங்களோட சண்டை போட்டு ஜெயிச்சுட்டுப் போகணும். எங்களுக்குத் தெரியாமப் போனா, நாங்க வெளிய எதுக்குக் கத்திட்டு இருந்தோம்? உங்களுக்குக் கதவு திறந்து விடறதுக்கா?"

அதற்கு அவர் பார்க்கலாம் என்று கூடச் சொல்லவில்லை.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இவர் விலை போகலை. தொண்டையைப் பார்த்தும் ஏணியைப் பார்த்தும் அப்படிச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி, மனசுக்குள்ள. தப்பு. விலை போறவன் தன் மச்சான் கடையை விட்டுட்டு வர மாட்டான். ஆனா அதுக்காக இவரை உட்காருங்கன்னும் என்னால சொல்ல முடியாது."

அவ்வளவுதான்.

கத்திரி சட்டென்று நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "அக்கா, நீ உட்காரு."

"ஆமா, நீங்க உட்காருங்க." "அக்கா உட்காரட்டும்." "உட்காருங்கக்கா!" நாலா பக்கமிருந்தும் வந்தது. மறுக்க ஒருவரும் இல்லை. காயில்காரருக்குக் கிடைக்காத வார்த்தை அவள் மேல் மழை மாதிரி கொட்டியது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே மயங்கியிருப்பாள்.

அவள் உட்காரவில்லை. "என்னை எதுக்குடா உட்காரச் சொல்றே? நான் நல்லாக் கத்தறேன்னுதானே? கத்தினதுல உன் கடை நிக்கலைடா. இவர் பேசினதுலதான் பாதி நின்னுச்சு. மீதிக்கு யாராவது போய்ப் பேசித்தான் ஆகணும். புதுக் கட்டடத்துல இடம் தர்றேன்னு வாய்ல சொன்னதை எழுத்துல வாங்கி வரணும். நாளைக்கு நகராட்சிக்குள்ள நான் போறேன். உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன். கூட யார் வர்றீங்க?"

உட்காரு உட்காரு என்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கத்திரி கை நாற்காலி மேலேயே இருந்தது.

"உள்ளயா?" என்றான். "நீயுமா அக்கா?"

அந்த ஒரு கேள்விதான். அதற்குள் அவளைச் சுற்றி விட்டிருந்த இடம் இன்னும் கொஞ்சம் அகலமானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். படியில் இருந்தவர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்கிற பேச்சு அங்கேதான், அந்தப் படியில்தான் முளைத்தது.

"நான்தான் கேட்டேனே, யார் வர்றீங்கன்னு" என்றாள் மறுபடியும்.

ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை.

"சரி" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டிக் கதவுக்கு வந்தாள். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலால் துழாவினாள். ஒன்று கிடைத்தது, இன்னொன்று யாருடையதுக்கோ அடியில் இருந்தது. அதை இழுக்கக் குனிந்தபோது, அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தாள்.

அவள் புருஷன் நாற்காலியை விட்டு விலகி நடந்து வந்தார். யாரும் வழி விடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. தூணுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கிடந்தது. அங்கே வந்து, கட்சிக்காரர்களோடு கட்சிக்காரராக, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அதைப் பார்த்துவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.